பைலட் நம்மைப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்

சூலூர், இருகூர், அன்னூர், பல்லடம் பக்கத்துப் பையன்கள் கோயமுத்தூர் விமான நிலையத்துக்குள் டிராக்டர், பயணிகளை ஏற்றிப்போகும் கோச், பெட்டிகளை விமானத்துக்குள் ஏற்றும் பெல்ட் லோடர் ஓட்டும் வேலைக்கு வரும்போது பெரும்பாலும் நல்ல கைப்பழக்கத்தோடுதான் வருகிறார்கள். ஒருத்தன் கரும்பு லோடு இழுத்திருப்பான். இன்னொருத்தன் சங்ககிரி லாரியில் கிளீனராகச் சேர்ந்து டிரைவர் ஆனவனாக இருப்பான். டிரெய்லரை ஒரே ஒடியில் ரிவர்ஸ் எடுப்பார்கள். வண்டியின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்வார்கள். ஓட்டத் தெரியாதவன் என்று ஒருத்தனையும் சொல்ல முடியாது.

நான் பல வருடம் அங்கே டோ டிராக்டர் ஓட்டினேன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என் பெரிய கவலையே அந்தக் கைப்பழக்கம்தான். அவிநாசி ரோட்டில் நாம் என்ன செய்கிறோம்? எதிரே வருகிறவன் நம்மைப் பார்த்துவிட்டான் என்று தெரிந்தால் போகிறோம். அவன் கொஞ்சம் பிரேக் பிடிப்பான், நாம் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுப்போம், இருவரும் தாண்டிவிடுவோம். நீலாம்பூர் பைபாஸில் தினமும் ஆயிரக்கணக்கான வண்டிகள் இந்தப் பேசாத ஒப்பந்தத்தில்தான் ஓடுகின்றன. விமானம் நிற்கிற, ஊர்கிற தளத்தை நாங்கள் ஏப்ரன் என்போம். அந்த ஒப்பந்தம் ஏப்ரனில் கிடையாது. பைலட்டிடம் அது எதிர்பார்க்கவே முடியாதது.

அவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஏர்பஸ் ஏ320 விமானத்தில் பைலட்டின் கண் தரையிலிருந்து நாலரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூக்குக்கு முன்னால் சுமார் பத்து மீட்டர் தரை அவருக்குத் தெரியாது. ஒரு டிராக்டர் அதற்குள் முழுசாக மறைந்துவிடும். இறக்கையின் இரண்டு நுனிகளுக்கும் நடுவே 35.8 மீட்டர், அந்த நுனிகள் அவருக்குப் பின்னால், பக்கவாட்டில் எங்கோ இருக்கின்றன. விமானம் திரும்பும்போது நுனி வெளிப்பக்கமாக அகலமாக வீசிக்கொண்டு வரும். நேராக வரும்போது தள்ளி இருந்த வண்டி, திரும்பும்போது இறக்கையின் பாதைக்குள் வந்துவிடும். இதற்கு நடுவே அவர் டவரோடு பேசிக்கொண்டிருக்கிறார், மஞ்சள் கோட்டைப் பார்க்கிறார், விமானம் போய் நிற்க வேண்டிய இடமான பேயின் எண்ணைத் தேடுகிறார், தரையில் நின்று சைகையால் வழிகாட்டும் மார்ஷலரின் கையைப் பார்க்கிறார். நம் ஹாரன் அவருக்குக் கேட்காது. அறுபது டன்னுக்கு மேல் எடையுள்ள ஒன்று நேர்க்கோட்டில் 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டரில், ஊர்ந்து வருகிறது. கீழே நின்று பார்ப்பவனுக்கு அது நிதானமாக வருவதுபோலவே தெரியும். பெரிய பொருளின் வேகத்தைக் கண் எப்போதும் குறைத்துத்தான் காட்டும். ரயில்வே கேட்டில் ஆட்கள் ஏமாறுவதும் அதனால்தான்.

ஓர் ஆடி மாத சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். நான் பேயில் அடுத்து வரும் விமானத்துக்காக வண்டியோடு காத்திருந்தேன். இறங்கிய விமானம், ரன்வேயிலிருந்து ஏப்ரனுக்கு வரும் டாக்ஸிவேயில் வந்து எங்கள் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. அதே நேரத்தில் வேறொரு கம்பெனியின் டிராக்டர் நாலு ட்ராலியை இழுத்துக்கொண்டு, ஏப்ரனில் வண்டிகளுக்கென்று இருக்கும் சர்வீஸ் ரோட்டில் வந்தது. ரோடு விமானப் பாதையைக் குறுக்கே வெட்டும் இடத்தில் ஒரு நிறுத்தக் கோடு உண்டு. அந்தப் பையன் கோட்டில் நின்றான், விமானத்தைப் பார்த்தான், தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு எடுத்தான். டிராக்டரை மட்டும் வைத்துப் பார்த்தால் அவன் கணக்கு சரி. அவன் தாண்டியும்விட்டான். ஆனால் அந்தப் பக்கம் ஒரு கோச் பயணிகளை இறக்குவதற்காக ரோட்டிலேயே நின்றிருந்தது. இவன் அதன் பின்னால் நிற்க வேண்டியதாகிவிட்டது. கடைசி இரண்டு ட்ராலியும் விமானப் பாதையிலேயே கிடந்தன.

மார்ஷலர் உடனே கையிலிருந்த விளக்குக் கோல்களைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தார். பைலட் பிரேக்கை அழுத்தினார். மூக்கு தாழ்ந்து எழுந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மோதல் இல்லை. ஆனால் உள்ளே, விமானம் நிற்பதற்கு முன்பே எழுந்து மேலே இருந்த பெட்டியை எடுக்கப் போன ஒரு பயணிக்கு நெற்றியில் அடி. இதைப் படிக்கும் பயணிகளுக்காகச் சொல்கிறேன்: ஊர்ந்து வரும் விமானம் இப்படித் திடீரென நிற்பதற்கான காரணம் எங்களைப் போன்றவர்களின் வண்டிகளாகவே இருக்கலாம். பெல்ட் விளக்கு அணையும்வரை உட்கார்ந்திருங்கள்.

கோச் நகர்ந்தது, டிராக்டர் போனது. அத்தோடு முடியவில்லை. முழுசாக நின்றுவிட்ட விமானத்தை மறுபடி நகர்த்த பைலட் கூடுதல் பவர் கொடுத்தாக வேண்டும். சும்மா ஓடும் எஞ்சினின் காற்றே முப்பது மீட்டர் தள்ளி நிற்பவனைத் தடுமாற வைக்கும். இது அதற்கும் மேல். பின்னால் இருந்த பேயில் கோன்கள் உருண்டன, காலி ட்ராலி ஒன்று நகர்ந்து போய் ஏணியில் இடித்தது. ஒருவன் குறுக்கே வந்ததற்கு, அவனுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு இடத்தில் ஆபத்து வந்தது. நாம் தப்பித்துவிட்டோம் என்று கணக்குப் போடும்போது இந்தப் பின்பக்கம் கணக்கில் வருவதே இல்லை.

அப்புறம் அவனிடம் பேசினேன். முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

“ஏன் கண்ணு, தெரிஞ்சேதான எடுத்தே?”

“அவரு பார்த்துட்டாருங்கண்ணா. லைட்ட அணைச்சாருங்க. போன்னு சொல்றாருன்னுதான் எடுத்தேன்.”

எனக்குச் சட்டென்று புரிந்தது. பேயை நோக்கித் திரும்பும்போது மார்ஷலரின் கண் கூசாமல் இருக்க பைலட் மூக்கு விளக்கை அணைப்பது வழக்கம். நம் ரோட்டில் எதிரே வருகிறவன் லைட்டை அணைத்துப் போட்டால் ஓர் அர்த்தம் இருக்கிறது அல்லவா, பையன் அதே அர்த்தத்தை எடுத்துக்கொண்டான். பயிற்சியில் அவனுக்குக் கோடுகளைச் சொல்லிக்கொடுத்தார்கள், வேக வரம்பைச் சொல்லிக்கொடுத்தார்கள். ரோட்டுப் பழக்கத்தில் எதை மறக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து என் வகுப்பில் முதல் பாடமே அதுதான். விமானத்தின் எந்த விளக்கும் உங்களுக்கான சைகை அல்ல. உங்களுக்கு அர்த்தமுள்ள விளக்கு ஒன்றே ஒன்று: உடம்பின் மேலும் கீழும் மின்னும் சிவப்பு பீக்கன். அது மின்னினால் எஞ்சின் ஓடுகிறது, அல்லது ஓடப்போகிறது, அல்லது விமானம் நகரப்போகிறது. பீக்கன் அணையாமல், சக்கரம் உருளாமல் தடுக்கும் சாக் கட்டையை வைக்காமல், பொறுப்பாளர் கை காட்டாமல் பேயைச் சுற்றியுள்ள சிவப்புக் கோட்டைத் தாண்டக்கூடாது.

இரண்டாவது பாடம், உங்கள் வண்டி எங்கே முடிகிறது என்பது. நாலு ட்ராலி கோர்த்தால் பதினைந்து மீட்டருக்குக் குறையாது. குறுக்குப் பாதையில் இறங்குவதற்கு முன், கடைசி ட்ராலி வரைக்கும் போய் நிற்க அந்தப் பக்கம் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடம் இல்லையென்றால் விமானமே கண்ணில் இல்லாவிட்டாலும் இறங்கக் கூடாது. இடமும் வலமும் பார்த்தால் போதாது, தலையைத் தூக்கி மேலேயும் பார்க்க வேண்டும். கோச், கேட்டரிங் வண்டி மாதிரி உயரமான வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. இறக்கை தரையில் வருவதில்லை, தலைக்கு மேல் வருகிறது.

இன்னொன்று, ரோட்டிலும் உதவும். உங்கள் வண்டியின் முன்கண்ணாடியில் ஒரு விமானம் அதே இடத்திலேயே நின்றுகொண்டு அளவு மட்டும் பெரிதாகிறது என்றால், இரண்டு பேரும் ஒரே புள்ளியை நோக்கிப் போகிறீர்கள். ஓரமாக நகர்வது கண்ணில் படும், நகராமல் இருப்பது படாது. கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் தூணுக்குப் பின்னால் அது ஒளிந்துகொண்டால் கடைசிவரை தெரியவே தெரியாது. அதனால் கோட்டில் நிற்கும்போது உடம்பையே முன்னும் பின்னும் சாய்த்துப் பார்க்கச் சொல்கிறேன். இரவில், மழையில், நனைந்த காங்கிரீட்டில் எல்லா விளக்கும் இரண்டாகத் தெரியும்போது இன்னும் கூடுதலாக.

எங்கள் ஊருக்கென்றே ஒரு ஆபத்து உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று. ஊரில் அது வந்தால் கோழிக்கூண்டு பறக்கிறது என்பார்கள். ஏப்ரனில் காலி ட்ராலி பறக்காது, உருளும். பிரேக் போடாமல் விட்ட ட்ராலி மெல்ல நகர்ந்து விமானப் பாதைக்குள் போய் நிற்கும். வண்டி ஓட்ட ஆளே இல்லாமல் ஒரு மோதல் நடக்க அது போதும். ட்ராலியைக் கழற்றினால் இழுகம்பியைத் தூக்கி விட வேண்டும், அப்போதுதான் பெரும்பாலான ட்ராலிகளில் பிரேக் பிடிக்கும். கையால் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஆடியில் நான் கோர்த்தபடியே ட்ராலிகளை வைக்கச் சொல்வேன். ஒற்றையாக விட்டால் நிற்காது.

சேலத்துக்கு, அதாவது ஓமலூர் பக்கம் காமலாபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே வருவது ஏடிஆர் 72. அதில் தரையில் மின்சாரம் கொடுக்கத் தனிச் சிறு எஞ்சின் கிடையாது. அதனால் வலது எஞ்சினை ஓடவிட்டு, அந்தப் பக்கத்து புரொப்பல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி வைப்பார்கள். புரொப்பல்லர் சுற்றவில்லை, எஞ்சின் அணைந்துவிட்டது என்று நினைத்து வலது பக்கம் வண்டியைக் கொண்டு போகக்கூடாது. சுற்றும்போதோ, அந்த புரொப்பல்லர் கண்ணுக்கே தெரியாது. நடந்துபோகும் பயணிகள் கோனுக்கு உள்ளே, வழிகாட்டுபவர் பின்னால், போனைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

இதெல்லாம் ஏதோ ஒரு மூலையில் எப்போதாவது நடப்பது என்று நினைக்கிறவர்களுக்கு, 2024 மே 16 அன்று புனேயில் நடந்ததைச் சொல்வேன். சுமார் 180 பேரோடு டெல்லி கிளம்பி ரன்வேயை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்த விமானம் ஒரு இழுவை டிராக்டரில் மோதியது. மூக்கிலும் முன் சக்கரப் பக்கத்திலும் சேதம், ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே புனேயில் 2020 பிப்ரவரி 15 அன்று, ஓடி எழும்பப் போன ஒரு விமானத்துக்கு முன்னால் ரன்வேயில் ஜீப் ஒன்று தெரிந்தது. பைலட் முன்கூட்டியே மூக்கைத் தூக்கியதில் வால் தரையில் உரசியது. அப்படியே டெல்லி போய் இறங்கினார்கள்.

எல்லா இடத்திலும் அப்படி முடிவதில்லை. 2014 அக்டோபர் 20 இரவு மாஸ்கோவின் வ்னுகோவோ விமான நிலையத்தில், பனி அள்ளும் வண்டி ஒன்று வழி தவறி ரன்வேக்குள் வந்துவிட்டது. ஓடி எழும்பிக்கொண்டிருந்த சிறிய ஜெட் அதில் மோதி, உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். பிரான்ஸின் டோட்டல் எண்ணெய் நிறுவனத் தலைவர் அவர்களில் ஒருவர். 2022 நவம்பர் 18 அன்று பெருவின் லிமாவில் தீயணைப்பு வண்டிகள் ஒரு பயிற்சி ஓட்டத்தில் இருந்தன. எவ்வளவு சீக்கிரம் ஓடுபாதைக்கு வந்து சேர முடிகிறது என்று பார்ப்பதற்கான பயிற்சி. பயிற்சி நடத்த அனுமதி இருந்தது. ரன்வேக்குள் நுழையத் தனியாக அனுமதி வாங்கவில்லை. எழும்ப ஓடிவந்த ஏ320 வண்டியில் மோதியது. விமானத்தில் இருந்த 108 பேரும் தப்பினார்கள், வண்டியில் இருந்த தீயணைப்பு வீரர்கள் இருவர் அங்கேயே இறந்தார்கள். காப்பாற்றப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

ஜீப் ஓட்டுகிறவர்கள், ரன்வே பக்கம் புல் வெட்டப் போகிறவர்கள், விளக்கு மாற்றப் போகிறவர்கள் லிமாவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலைக்கு அனுமதி வேறு, கோட்டைத் தாண்ட அனுமதி வேறு. வாக்கிடாக்கியில் டவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். “சரிங்க” என்று மட்டும் சொன்னால் நீங்கள் எதைப் புரிந்துகொண்டீர்கள் என்று அவருக்குத் தெரியாது. பாதி கேட்டது, பாதி இரைச்சல் என்றால் நின்ற இடத்திலேயே நின்று மறுபடி கேளுங்கள். வழி குழம்பிவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள். நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்று சுற்றுவதுதான் ஆளைக் கொல்வது.

தூக்கம் பற்றி நிர்வாகங்கள் பேச விரும்புவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். 2025 ஏப்ரல் 18 அன்று பெங்களூருவில், பட்டப்பகலில், ஒரு டெம்போ டிராவலர் நின்றிருந்த ஏ320-க்கு அடியில் போய் மோதியது. டிரைவர் கண்ணயர்ந்திருக்கலாம் என்று செய்திகள் வந்தன. எங்கள் இடத்தில் விடியற்காலை விமானத்துக்காக ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு, ஆள் வரவில்லை என்று காலை ஷிப்ட்டும் சேர்த்துப் பார்க்கிற பையன்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போனால் மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும், தோட்டத்தில் மோட்டார் போட வேண்டும். மூணு ஃபேஸ் கரண்ட் வரும் நேரம் பார்த்து எழுந்திருப்பான். இவன் சோம்பேறி அல்ல, களைத்துப்போனவன். களைப்பாக இருக்கிறது என்று சொன்னவனை வண்டியிலிருந்து இறக்கி சாக் வைக்கும் வேலையில் விடுவதில்கூட ஆபத்து உண்டு. அவனை உட்கார வைக்க வேண்டும். சம்பளம் பிடிக்காமல்.

அவசரமும் அப்படித்தான். இறங்கின விமானம் அரை மணி நேரத்துக்குள் மறுபடி கிளம்பியாக வேண்டும். ஐந்து நிமிடம் தாமதமானால் யாரால் என்று படிவத்தில் ஒரு கட்டத்தில் எழுதுவார்கள், அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் எங்கள் பெயர் இருக்கும். சூப்பர்வைசர் போனில் கத்துவார். வண்டி ஓட்டும்போது அந்தப் போனை எடுக்காதீர்கள் என்று நான் வெளிப்படையாகவே சொல்லிக்கொடுக்கிறேன். அதற்காக என்மேல் சிலருக்குக் கோபம், இருக்கட்டும். கோட்டில் நின்று பார்க்க ஆகிற நேரம் பத்து வினாடி. அந்தப் பத்து வினாடியில் எந்த விமானமும் தாமதமாகாது.

அந்த ஆடி மாதப் பையனுக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். கம்பெனி அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. கோச் ஏன் அந்த இடத்தில் நின்றது, அங்கே நிற்கக் கூடாது என்று ஏன் கோடு போடவில்லை, அவனை அந்த நேரத்தில் யார் போனில் விரட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் சில பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்து, மறுபடி மறுபடி கேட்ட பிறகுதான் கோச் நிறுத்துமிடத்தைத் தள்ளி வைத்தார்கள். இடத்தைச் சரிசெய்யாமல் ஆளை மட்டும் மாற்றினால் அடுத்து வருகிறவனும் அதே இடத்தில்தான் மாட்டுவான்.

அவனை அனுப்பியதில் இன்னொரு கெடுதலும் நடந்தது. மற்ற பையன்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சின்னதாக உரசினால் சொல்ல வேண்டாம், சொன்னால் வேலை போகும் என்று ஆகிவிட்டது. இதைவிடப் பயங்கரம் ஏப்ரனில் வேறில்லை. 2005 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவின் சியாட்டிலில், விமானத்தின் பக்கவாட்டில் வண்டி இடித்ததை ஒரு தொழிலாளி சொல்லாமல் விட்டுவிட்டார். அது கிளம்பி 26,000 அடி உயரத்துக்குப் போனபோது, இடிபட்ட தகடு கிழிந்து ஓட்டை விழுந்து உள்ளே இருந்த காற்றழுத்தம் போய்விட்டது. பைலட்டுகள் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார்கள். புதிய விமானங்களில் பல பாகங்கள் உலோகமே அல்ல, நார் கலந்த கூட்டுப்பொருள். மேலே ஒரு கீறல்கூடத் தெரியாமல் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும்.

அதனால் பட்டுவிட்டால், பட்ட மாதிரித் தோன்றினால்கூட, வண்டியைப் பின்னுக்கு எடுக்காதீர்கள். எடுத்தால் கிழிசல் பெரிதாகலாம், எங்கே பட்டது என்ற தடயமும் போய்விடும். எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கி விமானத்தின் இஞ்சினியரைக் கூப்பிடுங்கள். பயணிகள் ஏறிக்கொண்டிருந்தால் ஏற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள். பட்ட இடத்தை அவரிடம் கை வைத்துக் காட்டுங்கள். நேரம், பே எண், விமானத்தின் பதிவு எழுத்துகள் மூன்றையும் அப்போதே எழுதிவைத்து, உங்கள் கையெழுத்தோடு ரிப்போர்ட் கொடுங்கள். அதன் நகல் ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டு விசாரிக்கும்போது உங்களோடு ஒரு மூத்த டிரைவர் வந்து உட்காரலாமா என்று கேளுங்கள். கோயமுத்தூரில் என் ஷிப்ட்டில் நடந்தால் நான் வருவேன்.